84 கட்டங்கள், 36 கார்டுகள்: மேஜர் ஸ்கேல்களின் உள்கணக்கு

கிட்டாரோ கீபோர்டோ கற்கத் தொடங்குபவரின் கையில் முதல் சில வாரங்களுக்குள் ஓர் அட்டவணை வந்து சேர்ந்துவிடுகிறது. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு மேஜர் ஸ்கேல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு உரிய ஏழு கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அடுக்கு), ஆக மொத்தம் 84 கட்டங்கள். பதினாறாம் வாய்ப்பாட்டைப் போல அதை ஒப்பிக்கப் பழகுபவர்கள் பலர். சி மேஜரும் ஜி மேஜரும் எளிதில் மனத்தில் பதிந்துவிடும். பி மேஜருக்கோ டி ஃபிளாட் மேஜருக்கோ வரும்போது ஷார்ப்புகளும் (அரைச்சுரம் ஏறியவை) ஃபிளாட்டுகளும் (அரைச்சுரம் இறங்கியவை) ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, கற்பவர் தமக்கு வசதியான இரண்டு மூன்று ஸ்கேல்களோடு நின்றுவிடுவார், அட்டவணை சுவரிலேயே தங்கிவிடும்.

ஆனால் அந்தக் கட்டங்களில் உள்ள பெயர்களைத் திரும்ப வராதபடி ஒருமுறை பொறுமையாக எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர், பன்னிரண்டு டிமினிஷ்ட் என 36 பெயர்களே தேறுகின்றன. மீதி 48 கட்டங்களும் முன்பே வந்த பெயர்கள்தாம். டிமினிஷ்ட் கார்டு ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வருகிறது. மேஜர், மைனர் கார்டுகள் ஒவ்வொன்றும் மும்மூன்று முறை வருகின்றன. 24 பெயர்கள் மூன்று முறை, 12 பெயர்கள் ஒரு முறை என்று கூட்டினால் 84 சரியாக வந்துவிடும். எந்த மேஜர் கார்டை எடுத்தாலும் அது மூன்று மேஜர் ஸ்கேல்களுக்குப் பொதுவானது என்பதே இதன் பொருள். மனப்பாடம் செய்பவருக்குக் குழப்பமாகத் தெரியும் இந்தப் பொதுமைதான் மேஜர் ஸ்கேல்களின் அமைப்பைத் திறந்து காட்டும் இடம் என்பது என் கருத்து.

முதலில் ஸ்கேல் எவ்வாறு அமைகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் மெல்லிசை மேடைகளில் ஸ்கேல் என்ற ஒரே சொல், சுரங்களின் வரிசையையும் பாடல் நிற்கும் ஆதார சுருதியையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே புழங்குகிறேன். ஆர்மோனியம் வாசிப்பவர்களிடம் இதைவிடத் தெளிவான ஒரு கணக்கு உண்டு. சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண். இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. இந்தப் பட்டியலில் மூன்றரைக் கட்டை இல்லை. ஏழரைக் கட்டையும் இல்லை. பாடகருக்கு ஏழரை வராமல் போனது சனி பகவானின் கருணை என்று மேடைக்குப் பின்னால் வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையான காரணம், மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஏழுக்கும் மேல் ஸ்தாயியின் ஒன்றுக்கும் இடையிலும் அரைச்சுர இடைவெளி, அதாவது நடுவே வேறு கட்டை இல்லாத மிகச் சிறிய இடைவெளி, மட்டுமே உள்ளது. மற்ற எல்லா அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளுக்கும் இடையில் முழுச்சுர இடைவெளி உள்ளது.

முழுசு, முழுசு, அரை, முழுசு, முழுசு, முழுசு, அரை என்ற இந்த வரிசையே மேஜர் ஸ்கேல். ஒரு கட்டையிலிருந்து தொடங்கினால் வெள்ளைக் கட்டைகளே போதும். ஐந்து கட்டையிலிருந்து தொடங்கி இதே வரிசையைப் பிடிக்க முயன்றால் ஆறு, ஏழு, ஒன்று, இரண்டு, மூன்று வரை தடையின்றிப் போகும். அடுத்து முழுச்சுரம் தேவைப்படுகிறது, ஆனால் மூன்றுக்கு அடுத்த நான்கு அரைச்சுரத் தொலைவிலேயே இருக்கிறது. எனவே நாலரைக் கட்டைக்கு, அதாவது எஃப் ஷார்ப்புக்கு, நகர வேண்டியிருக்கிறது. ஜி மேஜரில் ஒரு ஷார்ப் வருவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் இல்லை.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. 72 மேளகர்த்தாக்களில் 29ஆவதான தீர சங்கராபரணத்தின் சுரத்தானங்களும் இவையே: ஸட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். முத்துசுவாமி தீட்சிதர் தம் காலத்து ஐரோப்பிய பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தபோது, நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அந்த உருப்படிகள் சங்கராபரணத்துக்குள்ளேயே அமைந்தது இந்தப் பொருத்தத்தால்தான். பிரிட்டிஷ் மன்னர் வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ அவற்றுள் ஒன்று. ஆனால் பொருத்தம் சுரத்தானங்களோடு முடிந்துவிடுகிறது. சங்கராபரணம் என்ற ராகம் கமகங்களால் உயிர் பெறுவது. கார்டோ, சுரங்களை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்தி ஒன்றன்மீது ஒன்றாக ஒலிக்கச் செய்வது. இனி வரும் பக்கங்களில் ஸ ரி க ம என்று நான் எழுதுவதெல்லாம் இடத்தைச் சுட்டுவதற்காகத்தான், ராகத்தைச் சுட்டுவதற்காக அன்று.

அடிப்படைக் கார்டு ஒன்றில் மூன்று சுரங்கள் உண்டு. ஸ்கேலின் ஏதாவதொரு சுரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு அதற்கடுத்ததையும், மீண்டும் ஒன்றை விட்டு அதற்கடுத்ததையும் சேர்த்தால் கார்டு ஆகிவிடும். ஸ-வில் தொடங்கினால் ஸ–க–ப, ரி-யில் தொடங்கினால் ரி–ம–த, அதன்பின் க–ப–நி, ம–த–ஸ, ப–நி–ரி, த–ஸ–க, கடைசியாக நி–ரி–ம. அவ்வளவுதான், ஏழும் வந்துவிட்டன. அவற்றுள் மேஜர் எது, மைனர் எது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. ஸ்கேலில் அரைச்சுரங்கள் விழுந்திருக்கும் இடங்கள் தீர்மானிக்கின்றன. ஸ-விலிருந்து க-வுக்கு நான்கு அரைச்சுரம், க-விலிருந்து ப-வுக்கு மூன்று. பெரிய படி கீழே, சிறிய படி மேலே இருப்பதால் இது மேஜர். ரி-யிலிருந்து ம-வுக்கு மூன்று, ம-விலிருந்து த-வுக்கு நான்கு. படிகள் தலைகீழானதால் மைனர். இப்படியே எண்ணிச் சென்றால் ஸ, ம, ப ஆகிய மூன்று இடங்களில் மேஜரும், ரி, க, த ஆகிய மூன்று இடங்களில் மைனரும் கிடைக்கின்றன. நி-யில் மட்டும் இரண்டு படிகளும் மூன்று மூன்றாகக் குறுகி, எங்கும் ஊன்றி நிற்காத டிமினிஷ்ட் கார்டு பிறக்கிறது.

சி மேஜரில் இதை எழுத்துப் பெயராக்கினால் சி மேஜர், டி மைனர், இ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், பி டிமினிஷ்ட் என்று வரும். டி மேஜரில் டி மேஜர், இ மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி மேஜர், ஏ மேஜர், பி மைனர், சி ஷார்ப் டிமினிஷ்ட். பெயர்கள் மாறினாலும் மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்ட் என்ற தாளக்கட்டு எந்த ஸ்கேலிலும் மாறுவதில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே வரிசை கிடைப்பதற்காக ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். காதுக்கு முழுமையாக ஒத்திசைக்கும் மேஜர் கார்டில் மூன்று சுரங்களின் அதிர்வெண்கள் 4:5:6 என்ற விகிதத்தில் இருக்கும். ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் எனில், அந்த விகிதப்படி சி ஷார்ப் 550 ஹெர்ட்ஸிலும் இ 660 ஹெர்ட்ஸிலும் ஒலிக்க வேண்டும். இன்றைய கீபோர்டில் இ ஏறக்குறைய 659.3, சி ஷார்ப்போ 554.4. காந்தாரம் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்குகளாக்கி, பிழையை எல்லா ஸ்கேல்களுக்கும் ஒரே அளவில் பகிர்ந்து கொடுத்ததன் விளைவு இது. தம்புராவின் அந்தர காந்தாரத்தில் ஊறிய காதுக்குக் கீபோர்டின் மேஜர் கார்டு சிறிது கூர்மையாகப் படுவதற்குக் காரணமும் இதுவே.

ஒரு கறுப்புக் கட்டைக்கு எதற்காக இரண்டு பெயர் என்ற கேள்வி வகுப்புகளில் தவறாமல் எழும். ஆறரைக் கட்டை என்றால் ஒரே இடம். அதை ஏ ஷார்ப் என்றும் பி ஃபிளாட் என்றும் அழைப்பானேன்? மேஜர் ஸ்கேலில் ஏழு எழுத்துகளும் ஒவ்வொரு முறை மட்டுமே வர வேண்டும் என்பது மரபு. எஃப் மேஜரின் நான்காம் சுரத்தை ஏ ஷார்ப் என்று எழுதினால் ஏ இருமுறை வந்து பி காணாமல் போய்விடும். அதைவிடப் பெரிய கேடு கார்டில் நேரும். பி ஃபிளாட், டி, எஃப் என்று எழுதினால் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கியிருப்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஏ ஷார்ப், டி, எஃப் என்று எழுதினால் அடுக்கு குலைந்து, வாசிப்பவர் என்ன கார்டு என்று நின்று யோசிக்க வேண்டிவரும். பெயரிடுவதில் உள்ள இந்தக் கண்டிப்பைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகிறார்கள். எழுத்துகளைப் பார்த்தே கார்டைக் கண்டறிய வைப்பதால் அது மிகவும் நடைமுறைப் பயனுள்ள ஏற்பாடு.

இனி அந்த மும்மடிப் பொதுமைக்கு வருவோம். ஒரு மேஜர் ஸ்கேலில் ஸ, ம, ப ஆகிய மூன்று இடங்களிலும் மேஜர் கார்டு இருப்பதால், சி மேஜர் கார்டு சி ஸ்கேலில் ஸ-வின் கார்டு. ஜி ஸ்கேலில் ம-வின் கார்டு. எஃப் ஸ்கேலில் ப-வின் கார்டு. அதே மூன்று விரல்கள், அதே ஒலி. ஆயினும் முதலாவதில் அது பயணம் முடிந்து வந்து அமரும் இடம். இரண்டாவதில் வீட்டை விட்டு வெளியே கால் வைத்த இடம். மூன்றாவதிலோ, எப்போது எஃப்-க்குத் திரும்புவோம் என்று காதை எதிர்பார்க்க வைக்கும் இடம். இதே போல் ஏ மைனர், சி ஸ்கேலில் த-வின் கார்டு, ஜி ஸ்கேலில் ரி-யின் கார்டு, எஃப் ஸ்கேலில் க-வின் கார்டு. ஆகவே ஒரு கார்டை மட்டும் தனியாகக் கேட்டு, இது எந்த ஸ்கேலைச் சேர்ந்தது என்று சொல்ல எவராலும் இயலாது. ஒரு கார்டின் குணம் அதன் பெயரில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டு ஸ்கேல்கள் எந்த அளவுக்கு உறவு என்பதையும் இவ்வாறே அளக்கலாம். சி ஸ்கேலின் ப ஜி. அந்த ஜி-யைப் புதிய ஸ ஆக்கினால், முன்பு கண்டபடி, எஃப் மட்டும் எஃப் ஷார்ப்பாக மாறுகிறது. பழைய ஸ்கேலின் பார்வையில் சுத்த மத்தியமம் போய்ப் பிரதி மத்தியமம் வந்திருக்கிறது. ஏழு கார்டுகளில் மத்தியமம் இடம்பெறுபவை ரி–ம–த, ம–த–ஸ, நி–ரி–ம என்ற மூன்று மட்டும். அந்த மூன்றே மாறுகின்றன: டி மைனர் டி மேஜராகவும், எஃப் மேஜர் எஃப் ஷார்ப் டிமினிஷ்டாகவும், பி டிமினிஷ்ட் பி மைனராகவும். மத்தியமத்தைத் தொடாத மற்ற நான்கும், அதாவது சி மேஜர், இ மைனர், ஜி மேஜர், ஏ மைனர் ஆகியவை, இரு ஸ்கேல்களுக்கும் பொதுவாகத் தங்கிவிடுகின்றன. இன்னொரு ப ஏறி டி மேஜருக்குப் போனால் பொதுவானவை இ மைனர், ஜி மேஜர் என இரண்டாகக் குறையும். மூன்றாவது ப ஏறி ஏ மேஜருக்குப் போய்விட்டால் பொதுக் கார்டு ஒன்றுகூட மிஞ்சாது. பங்காளி, தூரத்து உறவு, அந்நியர் என்று மூன்றே படியில் உறவு முறிந்துவிடுகிறது. ஃபிளாட் பக்கமாக இறங்கினாலும் இதே கணக்குதான்.

இந்தப் பங்காளித்தனம் ஒரு பாடலின் ஸ்கேலைக் கண்டுபிடிக்க முயல்பவரை எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு, ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரைச் சேர்ந்த யோஹான் பாகெல்பெல் (1653–1706) அமைத்த டி மேஜர் கேனனைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வயலின்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வர, கீழே பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) பகுதி எட்டே சுரங்களை 28 முறை திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அந்த எட்டு ஸ–ப–த–க–ம–ஸ–ம–ப. அவற்றின்மேல் அமையும் கார்டுகள் டி மேஜர், ஏ மேஜர், பி மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி மேஜர், டி மேஜர், ஜி மேஜர், ஏ மேஜர். இவற்றில் முதல் நான்கை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு எந்த ஸ்கேல் என்று தேடினால் டி மேஜர் வரிசையிலும் நான்கும் இருக்கும், ஏ மேஜர் வரிசையிலும் நான்கும் இருக்கும். அவ்விரு ஸ்கேல்களுக்கும் பொதுவான நான்கு கார்டுகள் மிகச் சரியாக இவையே. ஐந்தாவதாக ஜி மேஜர் வந்ததும் வழக்கு தீர்ந்துவிடுகிறது. ஏ மேஜர் ஸ்கேலில் ஜி ஷார்ப்தான் உண்டு, வெறும் ஜி கிடையாது. எனவே ஜி மேஜர் கார்டு அங்கே வர வழியில்லை. கேட்பவர் தொடக்கத்திலேயே டி-யை ஸ ஆகப் பிடித்துக்கொள்வதால் இந்த ஐயம் காதுக்குத் தோன்றுவதில்லை. தாளில் வைத்துக் கணக்குப் போடுபவருக்கே தோன்றும். இருந்தாலும், இணையத்தில் கிடைக்கும் கார்டுகளைப் பார்த்து ஸ்கேலைத் தவறாக ஊகிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு பொதுக் கார்டு வலையில்தான் விழுகிறார்கள்.

ஐயத்தை ஒரே அடியில் தீர்க்கும் கார்டு ஒன்று உண்டு. மூன்று சுர அடுக்கின்மேல் இன்னொன்றை விட்டு நான்காவது சுரத்தையும் ஏற்றினால் செவன்த் கார்டுகள் கிடைக்கும். அவற்றுள் ப-வில் அமைவதான ப–நி–ரி–ம என்ற அடுக்கு, கீழே மேஜர் கார்டும் அதன் தலையில் சிறிய ஏழாவதும் (ப-விலிருந்து பத்து அரைச்சுரம்) கொண்டது. ஒரு மேஜர் ஸ்கேலில் இந்த வடிவம் வேறெந்த இடத்திலும் அமையாது. எனவே ஜி செவன்த் என்ற கார்டுக்கு மூன்று வீடுகள் இல்லை. மேஜர் ஸ்கேல்களில் சி ஒன்றே அதன் வீடு. அதற்குள் இருக்கும் நி-யும் ம-வும், அதாவது பி-யும் எஃப்-பும், ஆறு அரைச்சுரத் தொலைவில் நின்று ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. நி அரைச்சுரம் ஏறி ஸ-வில் விழுகிறது, ம அரைச்சுரம் இறங்கி க-வில் விழுகிறது. இரண்டும் விழுந்த இடங்கள் ஸ–க–ப கார்டின் பகுதிகள். நி-யில் அமைந்த டிமினிஷ்ட் கார்டும் இதே ப–நி–ரி–ம-வில் ப-வை நீக்கிய மீதிதான். அதனால்தான் மெல்லிசையில் அது தனித்து அதிகம் வருவதில்லை. அது செய்யக்கூடிய வேலையை ஜி செவன்த் இன்னும் உறுதியாகச் செய்துவிடுகிறது.

1722ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் இருமுறை குறிப்பிடத்தக்கது. பாரிஸில் ழான் பிலிப் ராமோ தம் ஒத்திசை நூலை வெளியிட்டு, சி–இ–ஜி என்றாலும் இ–ஜி–சி என்றாலும் அடிச்சுரம், அதாவது அடுக்கு தொடங்கும் சுரம், ஒன்றே, ஆகவே கார்டும் ஒன்றே என்று நிறுவியது அந்த ஆண்டில்தான். யோஹான் செபாஸ்டியன் பாக், பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் என எல்லா ஸ்கேல்களிலும் ஒவ்வொரு பிரிலூடும் ஃபியூகும் கொண்ட தம் கிளேவியர் தொகுதியின் முதல் பாகத்துக்கு இட்ட ஆண்டும் அதுவே. எல்லா ஸ்கேலிலும் வாசிக்கத்தக்கதாகச் சுருதி கூட்டிய கருவி என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது; அந்தச் சுருதி இன்றைய சமப் பங்கீட்டைப் போன்றதே என்று கொள்ள வேண்டியதில்லை.

அத்தொகுதியின் முதல் உருப்படி சி மேஜர் பிரிலூட். பியானோ கற்பவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் விரல் வைத்துப் பார்ப்பது. அதில் மெட்டு என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு பாரிலும் (தாளத்தின் ஒரு சுற்று) ஒரு கார்டின் சுரங்கள் கீழிருந்து மேலாகச் சிதறி ஒலிக்கின்றன. ஆகவே கார்டு ஸ்கேலுக்குள் இருப்பதையும் வெளியே போவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்க்கலாம். முதல் பார் சி மேஜர். இரண்டாம் பாரில் பேஸ் சி-யிலேயே நின்றிருக்க, மேலே டி மைனர் வருகிறது. மூன்றாம் பாரில் பேஸ் பி-க்கு இறங்கி ஜி செவன்த் ஆகிறது. நான்காம் பாரில் சி மேஜருக்குத் திரும்பிவிடுகிறது. ஸ, ரி, ப, ஸ. நான்கே பாரில் வீடும், வெளியும், திரும்புதலும் சொல்லியாயிற்று. ஐந்தாம் பாரில் ஏ மைனர்; அதுவும் வீட்டுக்காரரே. ஆறாம் பாரில் சி, டி, எஃப் ஷார்ப், ஏ என்று சுரங்கள் விழும்போது, அதுவரை வெள்ளைக் கட்டைகளை விட்டு நகராத கை முதன்முறையாக ஒரு கறுப்புக் கட்டையைத் தொடுகிறது.

அந்த ஒரு சுரம் என்ன செய்துவிட்டது என்று பார்க்க வேண்டும். சி ஸ்கேலின் வரிசையில் டி என்றால் டி மைனர்தான். இங்கே வந்திருப்பது டி செவன்த், டி மேஜரின் மேல் ஏழாவது ஏறியது. செவன்த்துக்கு ஒரே வீடு என்ற விதிப்படி இது ஜி ஸ்கேலின் ப-வில் அமைந்த கார்டு. அதற்கேற்ப ஏழாம் பாரில் ஜி மேஜர் வருகிறது. இந்த ஜி மேஜருக்கும் மூன்றாம் பாரின் ஜி செவன்த்துக்கும் அடிச்சுரம் ஜி-தான், ஆனால் அங்கே காத்திருந்த ப இங்கே வந்து சேர்ந்த ஸ போல ஒலிக்கிறது. ஐந்தாம் பாரின் ஏ மைனர்தான் இந்த இடமாற்றத்துக்குக் கதவு. சி-யில் அது த, ஜி-யில் அது ரி. பங்காளிகளுக்குப் பொதுவான நான்கில் ஒன்று. வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டாமல் பாக் அதை ஒரு பார் முழுவதும் ஒலிக்க விட்டிருக்கிறார். சி-யை ஸ என்று வைத்துக்கொண்டு பிரதி மத்தியமம் பாடினால் கல்யாணியின் சுரத்தானங்கள். ஜி மேஜரின் சுரங்களும் அவையே. கிரகபேதம் தெரிந்தவர்கள் சங்கராபரணத்தின் மத்தியமத்தைப் பிடித்து நின்றால் கல்யாணி என்பார்கள். பாக் செய்த வேலை அதன் மறுபக்கம்.

மைனர் ஸ்கேலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை போதும். சங்கராபரணத்தின் தைவதத்தை ஸ ஆக்கினால் நடபைரவி; சி மேஜரின் ஆறாம் சுரமான ஏ-யில் நின்றால் ஏ மைனர். சுரங்கள் ஏழும் அவையே என்பதால் கார்டுகள் ஏழும் அவையே. அட்டவணையின் சி மேஜர் வரிசையை ஏ மைனருக்கும் பயன்படுத்தலாம். எங்கே வந்து அமர்கிறோம் என்பது ஒன்றே வேறுபாடு. நடைமுறையில் மைனர் ஸ்கேலில் பாடல் அமைப்பவர்கள் இ மைனருக்குப் பதிலாக இ மேஜரையோ இ செவன்த்தையோ வைத்து வரிசையை உடனே மீறுவார்கள் என்பது வேறு கதை. வரிசையை மீறும் வேறு சில வழக்கங்கள் இன்னும் துணிச்சலானவை. சி மேஜர் பாடலில் எஃப் மேஜரை அடுத்து எஃப் மைனர் வைத்து உருக்குவது ஒன்று. ப்ளூஸ் இசையிலோ 1, 4, 5, அதாவது ஸ, ம, ப ஆகிய மூன்று இடங்களிலும் செவன்த் கார்டே ஒலிக்கும். அந்த மூன்றையும் ஒருசேரக் கொண்ட மேஜர் ஸ்கேல் என்று உலகில் எதுவும் இல்லை. விதி இன்னது என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே என்ன நடந்தது என்பது புரியும்.

கார்டுகளைப் பெயரால் அல்லாமல் இடத்தால் அழைக்கும் வழக்கம் மேற்கில் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் காட்ஃப்ரீட் வேபர், ஸ்கேலின் படிகளை ரோமன் எண்களால் குறித்து, மேஜர் கார்டுக்குப் பெரிய எழுத்தும் மைனர் கார்டுக்குச் சிறிய எழுத்தும் இட்டு அம்முறையைப் பரவச் செய்தார். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ் வெறும் 1, 4, 5 என்ற எண்களால் பாடலைக் குறித்துக்கொள்ளும் முறையை உருவாக்க, அங்குள்ள வாத்தியக்காரர்கள் அதைத் தங்கள் தொழில் மொழியாகவே ஆக்கிக்கொண்டார்கள். பாடகரின் குரலுக்கேற்ப ஸ்கேல் கடைசி நிமிடத்தில் மாறலாம், எழுதி வைத்த தாள் மாற வேண்டியதில்லை. ஸ ரி க ம சொல்லித் தொண்டையைப் பழக்கிய நமக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. எந்தக் கட்டையிலும் ஸ ஸ-தான். தனிச்சுரத்துக்கு நாம் எப்போதோ செய்துகொண்ட ஏற்பாட்டைக் கார்டுக்கும் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம். ஆனால் கீபோர்டு வகுப்புகளில் ஸ ரி க ம-வை ஒரு நோட்டிலும் கார்டுகளை இன்னொரு நோட்டிலும் எழுதவைத்து, இரண்டையும் சந்திக்கவே விடுவதில்லை.

கிட்டார்காரருக்கு இந்தக் கணக்கு விரலிலேயே தெரியும். ஜி ஸ்கேலில் ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் ஐந்தையும் திறந்த தந்திகளின் துணையோடு எளிதாகப் பிடித்துவிடலாம். பி மைனருக்குத்தான் ஒரே விரலை ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) முழுவதும் படுக்கவைத்து அழுத்தும் பார் கார்டு தேவை. சி ஸ்கேலில் ம-வின் கார்டான எஃப் மேஜரிலேயே அந்தத் தொல்லை வந்துவிடும். புதிதாகக் கற்பவர்களின் சுட்டுவிரல் காய்த்துப்போவது பெரும்பாலும் அந்த ஒரு கார்டால்தான். ஆகவே வசதியான வடிவங்களை வைத்துக்கொண்டு, கேப்போ என்னும் கவ்வியைக் கழுத்தில் மாட்டி சுருதியை மட்டும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு ஃபிரெட் ஏற்றினால் அரைக் கட்டை. முதல் ஃபிரெட்டில் கேப்போ வைத்து சி வடிவங்களை வாசித்தால் ஒன்றரைக் கட்டை, மூன்றாவதில் வைத்தால் இரண்டரை.

ஒத்திகையில் ஜி மேஜர், இ மைனர், ஏ மைனர், டி மேஜர் என்று ஐந்து கட்டையில் போய்க்கொண்டிருக்கும் பாடலை, பாடகி நிறுத்தி, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. கிட்டாரில் கேப்போ ஏற்றத்தான் செய்யும், இறக்காது. பெயர்களை மனப்பாடம் செய்தவர் எஃப் ஷார்ப் மேஜர், டி ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மைனர், சி ஷார்ப் மேஜர் என்று நான்கு பார் கார்டுகளைத் தேடித் தடுமாறுவார். 1–6–2–5 என்று, அல்லது ஸ–த–ரி–ப என்று, அதே பாடலை மனத்தில் வைத்திருப்பவரோ நாலரைக் கட்டைக்குக் கீழே வசதியான ஸ எது என்று மட்டும் பார்ப்பார். டி-யிலிருந்து நான்கு அரைச்சுரம் ஏறினால் எஃப் ஷார்ப். கேப்போ நான்காம் ஃபிரெட்டுக்குப் போகிறது. விரல்கள் டி மேஜர், பி மைனர், இ மைனர், ஏ மேஜர் என்று விழுகின்றன. பாடகி விட்ட அடியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார்.